வெறும் வயிறு

டோக்கன் பதினேழு, உள்ளே போயிருப்பது பதினொன்று, இன்னும் ஐந்து பேர், ஆளுக்கு நாலு நிமிடம் என்றாலும் ஏழு நாற்பதுக்குள் என் கையில் குத்தி ரத்தம் எடுத்துவிடுவார்கள், எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போய்விடலாம், பிரேயர் மணி அடிக்கும் முன் கரும்பலகையை ஒரு தடவை பார்த்துவிடலாம், நேற்றுச் சாயங்காலம் எழுதிவைத்துவிட்டு வந்ததை எந்தக் கழுதையும் பாவாடையால் தேய்த்து அழிக்காமல் இருக்க வேண்டும். இருபத்தோரு வருடமாக ஆங்கில டீச்சர், பதினாலு வருடமாக வாரம் ஒரு சொல், அதன் பூர்வீகம், பெற்றவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தது, எல்லாம் படிக்கட்டுக்குப் பக்கத்துப் பலகையில். அமலி டீச்சர் சொற்களுக்கு ஜாதகம் எழுதுகிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல். இந்த வாரம் பிரேக்ஃபாஸ்ட். தினம் சொல்லுகிற சொல், அதற்குள் இரண்டு பேர் குடித்தனம் இருக்கிறார்கள் என்று ஒருத்திக்கும் தெரியாது. பிரேக் என்றால் முறிப்பது. ஃபாஸ்ட் என்றால் வேகம் டீச்சர் என்று கத்துவார்கள், இல்லையடி, இது விரதம், விரதத்துக்கும் முந்திய அர்த்தம் இறுக்கிப் பிடிப்பது. கயிற்றை இறுக்கிக் கட்டினாலும் ஃபாஸ்ட், கதவை இறுக்கிச் சாத்தினாலும் ஃபாஸ்ட், வாயை இறுக்கி வைத்தாலும் ஃபாஸ்ட். ராத்திரி முழுக்க இறுக்கி வைத்ததைக் காலையில் முறித்தால் பிரேக்ஃபாஸ்ட். நான் இப்போது இறுக்கி வைத்திருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நாக்கின் அடியில் என்னவோ தித்திப்பாக இருக்கிறது, டூத் பேஸ்ட்டாக இருக்கும். இந்த ஃபேன் ஏன் இப்படிக் கரகரக்கிறது, எதிர்ச் சுவரில் சிறுநீரகம் படம் போட்டு ஒரு காலண்டர், இரண்டு அவரை விதை, எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டில் ஒன்று ஜெரால்டுக்கு. என் தம்பி, எனக்கு ஆறு வயது இளையவன், நாற்பத்தொன்று, ஒன்றரை வருடமாகத் திங்களும் வியாழனும் டயாலிசிஸ். அவன் மனைவிக்கு ரத்தம் சேரவில்லை, அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மிச்சம் நான். எல்லாம் பொருந்திவிட்டது, டாக்டர் என் பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. இது எல்லையில இருக்கும்மா, இன்னொரு தடவ பாப்போம், அப்பவும் கூடுதலா இருந்தா உங்ககிட்ட எடுக்க முடியாது, உங்களுக்குப் பின்னால கஷ்டம். அவர் அப்படிச் சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஒன்று நடந்தது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. லேசாக இருந்தது. ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம்கூட இல்லை, பரீட்சைக்குப் படிக்காமல் போன அன்றைக்கு மழைக்கு லீவு விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. பிறகு உடனே ஜெரால்டு முகம் வந்தது, வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தோடுதான் ஒரு வாரம் சீனி இல்லாமல் இருந்தேன், சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடந்தேன், பி.டி. டீச்சர்கூட என்ன டீச்சர் போட்டிக்கா என்று கேட்டாள். இந்தத் தடவை நூறுக்குள் வரும். வர வேண்டும். பன்னிரண்டு என்று கூப்பிட்டாயிற்று.

ஃபாஸ்ட்டுக்கு முன்னால் போக வேண்டும், எங்கே விட்டேன், ஆமாம், டின்னர். பலகையில் இடம் போதாமல் டின்னரை விட்டுவிட்டேன், அதுதான் உறுத்துகிறது. டின்னரும் பிரேக்ஃபாஸ்ட்டும் ஒரே அர்த்தம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். லத்தீனில் ஜெஜுனுஸ் என்றால் வெறுமை, பட்டினி. அதற்கு முன்னால் ஒரு டிஸ் போட்டால் பட்டினியைக் கலைப்பது. அது பிரெஞ்சுக்காரன் வாயில் தேய்ந்து, கடலைத் தாண்டி வந்து டின்னர் ஆயிற்று. அன்றைக்கு டின்னர்தான் நாளின் முதல் பெரிய சாப்பாடு. அது மெல்ல மெல்ல நகர்ந்து மத்தியானத்துக்குப் போய், ராத்திரிக்கே போய்விட்டது. காலி இடத்தில் இங்கிலீஷ்காரன் தன் சொந்தச் சரக்கில் ஒரு சொல் செய்து உட்கார வைத்தான். அண்ணன் போன இடத்தில் தம்பி. ஜுலைகாதான் அந்த ஜெஜுனுஸை எனக்குப் பிடித்துக் கொடுத்தாள், எங்கள் பயாலஜி டீச்சர், சிறுகுடலில் ஒரு பகுதிக்கு ஜெஜுனம் என்று பேராம், அந்தக் காலத்து வைத்தியர்கள் பிணத்தை அறுத்துப் பார்க்கும்போதெல்லாம் அது காலியாகவே இருந்ததாம். பிணத்தை அறுத்து. என்னையும் அறுப்பார்கள், பிணமாக அல்ல, மயக்கத்தில், இடுப்புக்கு மேலே, மூன்று மணி நேரம். கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் நாலாவது வரியில் அந்தச் சொல் இருந்தது, மரணம் உட்பட, அச்சில், சின்ன எழுத்தில். ததேயு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் வேலை, எதையும் இரண்டு தடவை படிக்கிற மனிதர் இல்லை. படித்துவிட்டு, உன் தம்பி, உன் இஷ்டம் என்று மட்டும் சொன்னார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருப்பது தெரிகிறது, எதிரே டீக்கடை, போய் ஒரு டீ குடிக்கலாம், குடிக்காமல் இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பதிமூன்றுக்கு ஒரு பெரியவர் எழுந்து போனார், வேட்டி, காலில் ஒரு கட்டு, திரை போட்ட அறையில் பேசுவது வெளியே நன்றாகக் கேட்கிறது. வெறும் வயித்துலதான வந்திருக்கீங்க என்று ஊசி போடுகிற பெண் கேட்டாள். ஆமாம்மா, ஒண்ணும் சாப்பிடல, காப்பி மட்டும்தான். காப்பி குடிச்சீங்களா? ஆமா, காலைல எந்திச்சதும் குடிக்கதுதான. பால், சீனி எல்லாம் போட்டா? பின்ன, வெறுந்தண்ணியவா குடிப்பாக? அப்ப இன்னைக்கு எடுக்க முடியாது ஐயா, நாளைக்கு வாங்க. பெரியவர் குரல் ஏறிவிட்டது, காப்பி என்ன சாப்பாடாம்மா, நீ ஒண்ணு, காப்பி குடிச்சா வயிறு நெறஞ்சிருமா. வெளியே உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்குப் பதில் சொல்ல எனக்கல்லவா உரிமை, ஜாதகம் எழுதுகிறவள், ஐயா, இறுக்கிப் பிடித்ததை எது தளர்த்தினாலும் முறித்ததுதான், அது காப்பியாக இருந்தாலும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சிரித்தேன், சிரித்த வாயின் அடியில் அந்தத் தித்திப்பு இன்னும் இருந்தது. அது பேஸ்ட் இல்லை.

நான் காப்பி குடித்துவிட்டேன். ஐந்தே முக்காலுக்கு, அடுக்களை வாசலில் நின்று, எவர்சில்வர் டம்ளரில், முழு டம்ளர். எப்படி மறந்தேன், எப்படி மறக்க முடியும், பையில் சீட்டு இருக்கிறது, பத்து மணி நேரம் உணவு கூடாது என்று. ஆனால் காப்பி எங்கள் வீட்டில் என்றைக்கு உணவாக இருந்தது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒருசந்தி விரதம் இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் அம்மா மத்தியானம் வரை பச்சரிசிப் பருக்கைகூடத் தொட விடமாட்டாள், ஆனால் காலையில் ஆளுக்கொரு காப்பி உண்டு. காப்பிக்கு ஒருசந்தி முறியாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம், எந்த போப்பாண்டவர் கையெழுத்துப் போட்டாரோ தெரியாது. வெறும் வயிறு என்றால் எங்கள் ஊரில் காப்பி குடித்த வயிறு என்றுதான் அர்த்தம். அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. பழக்கம், கை தானாக வாங்கியது, வாய் தானாகக் குடித்தது. ஆனால் கை எப்படித் தானாக வாங்கும். தினமும் காப்பி போடுவது நானல்லவா. இன்று போட்டது அவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ததேயு அடுப்புப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை, எனக்கு டைஃபாய்டு வந்தபோதுகூட ஹோட்டலில் வாங்கிவந்த மனிதர், இன்று எனக்கு முன்னால் எழுந்து, பால் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, டம்ளரை நீட்டினார். இந்தா அமலி, சூடா இருக்கு. என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். சீனி தூக்கலாக இருந்தது, அளவு தெரியாத மனுஷன் என்று நினைத்தேன். அளவு தெரியாதவரா. அந்த நாலாவது வரியை இரண்டு தடவை படித்தவருக்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாதா.

பதினாலு. பழியை அவர்மேல் போட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கிறது, அதனால்தான் அதை நம்ப முடியவில்லை. சரியாக நினைத்துப் பார், அமலி. முதல் வாய், சூடு, நாக்கு சுட்டது. இரண்டாவது வாய். இரண்டாவது வாயில் ஒரு வாரமாகச் சீனி படாத நாக்கில் அந்தத் தித்திப்பு விழுந்ததும் என்ன நினைத்தேன், ஏதோ நினைத்தேன், ஏழு மணிக்கு லேப் என்று நினைத்தேன். நினைத்தேன். பிறகு மூன்றாவது வாய் குடித்தேன். நாலாவது. அடியில் தங்கின சீனியை டம்ளரைச் சுழற்றிக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன், நானே, உடனே, எப்போதும் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறவள். அப்படியென்றால் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இங்கே வந்து உட்கார்ந்து இறுக்கி வைத்திருக்கிறேன் என்று எனக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினால் போதும். நூற்று முப்பது வரும், நூற்று நாற்பது வரும். முடியாதும்மா என்று டாக்டரே சொல்லுவார். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், ஜெரால்டே சொல்ல மாட்டான், அம்மா தலையைத் தடவுவாள், நீ என்ன செய்வ மகளே, உன் உடம்பு அப்படி. என்னை அறுக்க மாட்டார்கள். நாலாவது வரி அங்கேயே தாளில் கிடக்கும். எனக்கு பயமாக இருக்கிறது, மாதாவே, எனக்கு ரொம்ப பயமாக இருக்கிறது, ஒன்றரை வருடமாக எல்லோரும் என்னை நல்ல அக்கா என்கிறார்கள், ஒருத்தராவது உனக்கு பயமா என்று கேட்கவில்லை.

போன் அடித்தது. ஜெரால்டு. எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பான். எக்கா, குத்தியாச்சா? இன்னும் இல்லடா, மூணு பேர் இருக்காங்க. அவன் மூச்சு வாங்கியது, செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் தெம்பாக இருப்பான், இன்று அதுவும் இல்லை. ராத்திரில இருந்து ஒண்ணும் சாப்பிடாமலா இருக்க? எனக்காகப் பட்டினி கெடக்கியேக்கா. அப்படில்லாம் இல்லடா. என்ன இல்ல, நீ காலைல காப்பி குடிக்காட்டி தலவலி வந்து சாயந்திரம் வரைக்கும் எரிஞ்சு விழுவியே, எனக்குத் தெரியாதா. குத்தி முடிச்ச ஒடனே நல்ல காப்பியா ஒரு டம்ளர் குடி, என் பங்கையும் சேத்துக் குடி. சிரித்தான். அவனுக்கு டாக்டர் அனுமதித்தது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், தண்ணீர், குழம்பு, மாத்திரை முழுங்குவது எல்லாம் சேர்த்து, அதில் காப்பிக்குக் கால் டம்ளர், அதையும் ஸ்பூனில் எடுத்து நாக்கில் வைத்துச் சப்புவான், தீர்ந்துவிடாமல் இருக்க. ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு முழு டம்ளர் காப்பிக்கா, நொர ததும்ப, ஒரே மூச்சுல, வேற ஒரு ஆசையும் இல்ல எனக்கு. நான் ம் என்றேன். வைக்கட்டா என்றான். ம். எவர்சில்வர் டம்ளர், அதே அளவு, நான் அடிவரை சுழற்றிக் குடித்தது. தொண்டையில் அந்தத் தித்திப்பு ஏறி வந்து நின்றுகொண்டது, விழுங்கினாலும் போகவில்லை. பதினைந்து போனாள், பதினாறு போனாள், ஃபேன் கரகரத்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே தரையைப் பார்த்தேன்.

பதினேழு. திரைக்கு உள்ளே சின்ன அறை, பினாயில் வாசனை. கைய நீட்டுங்க மேடம். நீட்டினேன். ரப்பர் பட்டையைச் சுற்றி இறுக்கினாள், நரம்பு எழுந்தது, பஞ்சால் துடைத்தாள், சில்லென்றது. என்னிடம் கேட்கவில்லை. பெரியவரிடம் கேட்டவள் என்னிடம் கேட்கவில்லை, படித்த மாதிரி இருக்கிறாள் இவளுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள், அல்லது மறந்திருப்பாள். கேட்டால் சொல்லிவிடலாம், கேட்காதபோது என்ன செய்வது. ஊசியின் மூடியைக் கழற்றினாள். கேள், பெண்ணே, ஒரு தடவை கேள். ஊசி தோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். என்ன மேடம், பயமா? ஆமா, பயந்தான் என்றேன். சொல்லிவிட்டேன், முதல் தடவையாக, யாரோ ஒரு பெண்ணிடம். பயந்தான், ஆனா அது இல்ல, நான் காப்பி குடிச்சிட்டேன். அவள் ஊசியைக் கீழே வைத்தாள், பட்டையை அவிழ்த்தாள், சிரிப்பா கோபமா என்று தெரியாத முகம். நீங்களுமா மேடம், அந்தத் தாத்தாவப் பாத்துச் சிரிச்சீங்கள்ல. நாளைக்கு ஆறரைக்கு வாங்க, தண்ணி மட்டும் குடிக்கலாம். சீட்டில் தேதியை அடித்து நாளையைப் போட்டாள்.

வெளியே வெயில் வந்திருந்தது. ததேயு ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நின்றார். எடுத்தாச்சா? எடுக்கல, நாளைக்கு வரச் சொல்லுதாங்க. ஏன்? நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார், கைக்குட்டையால், வட்ட வட்டமாக. கத்த வேண்டும் என்றுதான் வந்தேன், படியிறங்கி வருகிற ஏழெட்டு அடியில் வாக்கியங்கள்கூட அமைத்து வைத்திருந்தேன், அந்தக் கையைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. காப்பி குடிச்சேன்னு சொல்லிட்டேன் என்றேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. ரெண்டாவது வாயிலயே எனக்கு ஞாபகம் வந்துட்டுங்க, ஆனாலும் முழுசும் குடிச்சேன், நீங்க மட்டும் இல்ல, நானுந்தான். அவர் நிமிரவில்லை. பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. பிறகு அவர் சொன்னார், நீ போயிட்டா எனக்கு யாரு அமலி இருக்கா. மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, தெருவில் நின்று அழக்கூடாது என்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டேன். இதை மூன்று மாதத்துக்கு முன்னால், அந்தத் தாளைப் படித்த அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம்.

வாங்க, எதுத்தாப்ல ஏதாவது சாப்பிடுவோம் என்றேன். நீ சாப்பிடு, எனக்கு வேண்டாம். ஏன், நீங்க சாப்பிட்டீங்களா? இல்ல. காப்பி? எனக்குப் போடல. ஒரே ஒரு டம்ளர்தான் போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள் என்று அப்போதுதான் உறைத்தது. ஒருசந்தியா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். அந்தோணியாருக்கா? ஆமா. என்னன்னு வேண்டுனீங்க? கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பாக்கெட்டில் வைத்தார். எனக்குப் பதில் தேவைப்படவில்லை. என் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்க வேண்டும் என்று ஒரு மனிதன் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் பட்டினி கிடக்கிறான். ஜெரால்டு கால் டம்ளரைச் சப்பிக்கொண்டிருக்கும் அதே காலையில். அவன்மேல் பகை ஒன்றும் கிடையாது, போன கிறிஸ்துமஸுக்கு அவனை வண்டியில் வைத்து டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனது இவர்தான். இருந்தாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார், என்னை, இரண்டு கையாலும். நேற்றுச் சாயங்காலம் பலகையில் எழுதிவைத்த அந்த ஃபாஸ்ட் இங்கே ஸ்கூட்டர் பக்கத்தில் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது.

அவர் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டைத் தாண்டினேன், நடுரோட்டில் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான், விடவில்லை. ஹோட்டலில் உள்ளே கடைசி மேஜை. நாலு இட்லி, ரெண்டு தட்டுல என்றேன். ஜுலைகா வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர், தினம் காலையில் பசியாறியாச்சா டீச்சர் என்றுதான் கேட்பாள், ரமலானில் நோன்பைத் திறப்பது என்பாள். ஒரு இடத்தில் ஆறுவது, ஒரு இடத்தில் திறப்பது. எனக்கு இன்று அந்த முரட்டு இங்கிலீஷ்காரன் சொல்தான் வேண்டும், முறிப்பது. இட்லி வந்தது, சாம்பார் ஊற்றினான், ஆவி பறந்தது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுதல் அமலி, முறிக்கக் கூடாது. முறிங்க என்றேன். தெய்வக் குத்தம். அது என் தலையில இருக்கட்டும், முறிங்க. நாளைக்கு ஆறரைக்கு என்னைக் கொண்டுவந்து விடணும், அடுப்புப் பக்கம் வரக் கூடாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு, கையப் பிடிச்சுக்கிடுங்க, ஆனா பிடிச்சு இழுக்காதீங்க.

பள்ளிக்கூடத்தில் இந்நேரம் முதல் மணி அடித்திருக்கும், யாராவது பலகைக்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருப்பார்கள், டின்னரை விட்டது விட்டதுதான். சப்ளையர் வந்து காப்பியா டீயா என்று கேட்டான், எனக்குத் தண்ணீர் போதும் என்றேன். ததேயு இன்னும் தட்டைத் தொடவில்லை. நான் என் கையை மேஜைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, சாம்பாரில் ஆவி நின்றுவிட்டது. பிறகு அவர் வலது கையால் நெற்றியிலிருந்து மார்புவரை சிலுவை போட்டுக்கொண்டார், இட்லியில் ஒரு ஓரத்தைப் பிட்டார், வாயில் வைத்தார். மென்றார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. விழுங்கிவிட்டு, நாளைக்கு ஆறு மணிக்கே கிளம்பிருவோமா என்று கேட்டார்.